மூலநிரலிலிருந்து கருவி வரை: தமிழ்ப் பிழை காட்டும் மென்பொருள் கட்டப்படும் முறை

கணினியில் தமிழ் எழுதும் ஆசிரியர் ஒருவர் 'அந்த பையன் வந்தான்' என்று தட்டெழுதுகிறார் எனக் கொள்க. பிழை காட்டும் கருவி முதல் இரு சொற்களின் கீழும் கோடிட்டு, 'அந்தப் பையன்' என்று எழுதுக எனச் சொல்கிறது. இது முறையே. சற்று நேரத்தில் அவர் 'அத்தை கேட்டாள்' என்று எழுதுகிறார். கருவி அங்கும் கோடிட்டு, 'அத்தைக் கேட்டாள்' என்று திருத்தச் சொல்லுமாயின் என் செய்வது? கேட்டவள் அத்தை, ஆதலின் அச்சொல் எழுவாய். எழுவாய்த் தொடரில் வல்லினம் மிகாது என்பதைத் தமிழாசிரியர் அறிவர்; கருவி அறியாது. ஆசிரியர் சிரித்துவிட்டு மேலே எழுதிச் செல்வார். ஆனால் அதே கோட்டைக் காணும் மாணவன், இயந்திரம் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, சரியாக எழுதியதைத் தன் கையாலேயே பிழையாக்கிக்கொள்வான்.

இத்தகைய பிழையை யார் திருத்துவது? மூடிய மென்பொருளாயின் அதனை ஆக்கிய நிறுவனத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருத்தல் அன்றி வேறு வழி இல்லை. திறமூல மென்பொருளாயின் நிலைமை வேறு. கருவிக்குள் இருக்கும் நெறி எழுத்து வடிவில் பொதுவில் உள்ளது. விரும்பியவர் அதனைப் படிக்கலாம். குறை கண்டால் திருத்தலாம். ஆயினும் திருத்திய எழுத்து தானே கருவியாகிவிடாது. எழுத்தைக் கருவியாக்கும் வேலை ஒன்று இடையில் உண்டு. மென்பொருள் துறையினர் அதனைக் 'கட்டுதல்' என்பர். மூலநிரல் கையில் இருப்பது உரிமை; அதிலிருந்து கட்டத் தெரிவதே ஆற்றல். உரிமை மட்டும் இருந்து ஆற்றல் இல்லாதவிடத்து, திறந்த கதவும் மூடிய கதவாகவே பயன்படும்.

இதனை விளக்க ஏற்ற சான்று 'லாங்குவேஜ்டூல்' என்னும் மென்பொருள். எழுதப்படும் வாக்கியங்களில் இலக்கணப் பிழையும் நடைப் பிழையும் காட்டுவது அதன் பணி. டேனியல் நேபர் என்பவர் 2003இல் ஜெர்மனியில் தம் பட்ட ஆய்வுக்காக இதனைத் தொடங்கினார். முதலில் பைத்தான் என்னும் நிரல்மொழியில் இருந்தது. பின்னர் ஜாவாவுக்கு மாற்றப்பட்டது. இன்று பல நாட்டினர் சேர்ந்து வளர்க்கும் பொதுப்பணியாக அது விளங்குகிறது. முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு அதில் இடம் உண்டு. அவற்றுள் தமிழும் ஒன்று.

மூலநிரல் என்பது யாது?

நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கத்தக்க எழுத்து. 'இச்சொல்லை எடு, அடுத்த சொல்லின் முதலெழுத்தைப் பார், இன்னதாயின் இன்னது செய்' என்னும் கட்டளைகள் வரிவரியாக அதில் இருக்கும். இதுவே மூலநிரல். கணினியின் செயலகம் இதனை நேரே படிக்கமாட்டாது. ஆதலின் மூலநிரலை வேறு வடிவுக்கு மாற்றவேண்டும். மாற்றித் தரும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர்.

இம்மாற்றத்தில் ஜாவா ஒரு தனி வழியைக் கொண்டது. அதனைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் முதலியோர் 1991இல் உருவாக்கத் தொடங்கினர். 1995இல் அது வெளியிடப்பட்டது. பிற மொழிகள் பலவற்றில் தொகுப்பியானது குறிப்பிட்ட ஒருவகைக் கணினிக்கே உரிய கட்டளைகளை ஆக்கித் தரும். ஆகவே ஒரே மென்பொருளைக் கணினி வகைதோறும் தனித்தனியே தொகுக்கவேண்டும். ஜாவாத் தொகுப்பியோ எந்தக் கணினிக்கும் நேரே உரியதல்லாத ஓர் இடைநிலை வடிவை ஆக்குகிறது. அது 'பைட்கோட்' எனப்படும். அதனைப் படித்துச் செயற்படுத்தும் 'ஜாவா மெய்நிகர் பொறி' கணினி வகைதோறும் உண்டு. ஒரு முறை தொகுத்தது விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் மேக் கணினியிலும் ஓடுவது இதனால்தான்.

ஜாவா மூலக்கோப்பு ஒன்று தொகுக்கப்பட்டதும் 'கிளாஸ்' கோப்பாகிறது. பெரிய மென்பொருளில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். இவற்றையும் இவற்றுக்கு வேண்டிய சொற்பட்டியல் முதலியவற்றையும் ஒரே பொதியாகச் சுருக்கிக் கட்டுவர். அப்பொதிக்கு 'ஜார்' என்று பெயர். பயனாளர் கைக்கு வருவது ஜாரே. அதனை வைத்துக்கொண்டு மென்பொருளை ஓட்டலாம். நிரலாளர் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகளை அதில் காண இயலாது. சமைத்த உணவிலிருந்து சமையற்குறிப்பை முற்றும் மீட்டெடுக்க இயலாதவாறு போன்றது அது.

உரிமம் தரும் உரிமை

மூலநிரல் வெளியிடப்பட்டிருப்பதாலேயே ஒரு மென்பொருள் திறமூலம் ஆகிவிடாது. படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் அதன் உரிமம் இடம் தருதல் வேண்டும். மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதனை ஆராயவும் மாற்றவும் உரிமை உடையோராதல் வேண்டும் என்னும் கொள்கையோடு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். அக்கொள்கை வழி எழுந்த உரிமங்களுள் ஒன்றான 'குனூ லெஸ்ஸர் பொது உரிமம்' லாங்குவேஜ்டூலின் மூலநிரலுக்கு உரியது. இதன்படி எவரும் அதனை எடுத்துத் திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவாராயின் அத்திருத்தத்தின் மூலத்தையும் உடன் வழங்கக் கடமைப்பட்டவர் ஆவர். பொதுவில் எடுத்தது பொதுவிலேயே நிற்றல் வேண்டும் என்பது இதன் கருத்து.

முதற்படி: மூலத்தைப் பெறுதல்

கட்டுவோர் முதற்கண் மூலநிரல் முழுவதையும் தம் கணினிக்குப் படியெடுக்கவேண்டும். இதற்குப் பயன்படுவது 'கிட்' என்னும் கருவி. லினக்ஸ் கருநிரலின் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கியது அது. கிட் தருவது இன்றைய நிரல் மட்டுமன்று. தொடக்கம் முதல் யார், எந்நாள், எவ்வரியை மாற்றினார் என்னும் வரலாறும் உடன் வரும். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த திட்டமாதலின் லாங்குவேஜ்டூலின் முழு வரலாற்றையும் இறக்கினால் 500 மெகாபைட்டுக்கு மேற்படும். இணைய வேகம் குறைந்தவர் அண்மைய சில மாற்றங்களை மட்டும் கேட்டுப் பெறலாம்; அவ்வாறு கேட்பின் இறங்குவது அதில் ஒரு சிறு பங்கே.

இறக்கிய கோப்புறையைத் திறந்து பார்த்தால், மென்பொருள் ஒரே பாளமாக இல்லாது பல பகுதிகளாகப் பிரிந்திருத்தல் தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான செயல்கள் 'கோர்' என்னும் நடுப்பகுதியில் உள்ளன. வாக்கியம் பிரித்தல், நெறியைப் படித்தல், பிழையை அறிவித்தல் முதலியன அங்கே நிகழும். மொழிகளுக்கு உரியவை தனித்தனிக் கோப்புறைகளில் உள்ளன. தமிழுக்கு உரிய கோப்புறை 'டி.ஏ.' என்னும் ஈரெழுத்துக் குறியால் அறியப்படும். இவை அனைத்தையும் சேர்த்துத் தனிக் கருவியாக ஓடச் செய்வது 'ஸ்டாண்டலோன்' என்னும் மற்றொரு பகுதி.

இப்பகுப்பின் பயன் பெரிது. தமிழ்நெறியைத் திருத்துவோர் ஜெர்மன் நெறியைத் தொடவேண்டுவதில்லை. நடுப்பகுதி செம்மையுற்றால் எல்லா மொழியும் பயன்பெறும்.

மேவன் செய்யும் வேலை

பகுதிகள் பல இருப்பதால் ஒரு சிக்கலும் எழுகிறது. தமிழ்ப்பகுதி நடுப்பகுதியைச் சார்ந்தது. ஆதலின் நடுப்பகுதியை முதலில் தொகுக்கவேண்டும். தனிக்கருவிப் பகுதி எல்லா மொழிகளையும் சார்ந்தது. அது இறுதியில் வரவேண்டும். இம்மட்டோ? ஒவ்வொரு பகுதியும் வெளியார் எழுதிய நூலகங்கள் பலவற்றைத் துணைக்கொள்கிறது. அந்நூலகங்கள் வேறு நூலகங்களைத் துணைக்கொள்கின்றன. இவற்றையெல்லாம் ஒருவர் தம் கையால் தேடித் தொகுப்பின் நாள் பல கழியும், பிழையும் நேரும்.

எதற்குப்பின் எதனை ஆக்குவது என்பதைக் கருவியே கணக்கிடும் முறை பழையது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ஆக்கிய 'மேக்' இதற்கு முன்னோடி. ஜாவாவுக்கென 2000இல் 'ஆன்ட்' என்னும் கருவி வந்தது. அதன்பின் எழுந்த 'மேவன்' 2004இல் தன் முதற்பதிப்பை எய்தியது. லாங்குவேஜ்டூலைக் கட்டுவது மேவனே.

மேவன் முதலில் படிப்பது 'பாம்' என்னும் விவரக்கோப்பு. திட்டத்தின் பெயர் யாது, பதிப்பெண் யாது, அதன் பகுதிகள் எவை, சார்ந்த நூலகங்கள் எவை என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். நூலகம் ஒவ்வொன்றும் குழுப்பெயர், பொருட்பெயர், பதிப்பெண் என்னும் மூன்றால் ஐயமறக் குறிக்கப்படும். மேவன் அவற்றைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, கட்டுவோரின் கணினியில் ஒரு தனிக் கோப்புறையில் சேர்த்து வைக்கிறது. ஆகவே முதன்முறை கட்டும்போது திரையில் நெடுநேரம் இறக்கச் செய்திகளே ஓடும். கருவி நின்றுவிட்டது என எண்ணி இடையில் நிறுத்துவோர் பலர், பொறுத்தல் வேண்டும். மறுமுறை அவை கையிருப்பில் இருப்பதால் வேலை விரைந்து முடியும். இணையமின்றியே கட்டவும் மேவனில் வழி உண்டு.

மேவனின் வேலை ஒழுங்கான படிகளைக் கொண்டது. விவரம் சரிபார்த்தல், தொகுத்தல், சோதித்தல், பொதியாக்குதல், பொதியைச் சரிபார்த்தல், தம் கணினியின் களஞ்சியத்தில் நிறுவுதல், பொதுவில் ஏற்றுதல் என்பன அப்படிகள். ஒரு படியைக் கேட்டால் அதற்கு முற்பட்ட படிகள் எல்லாம் தாமே நிகழும். 'டெஸ்ட்' என ஆணையிட்டால் தொகுத்துச் சோதிப்பதோடு நிற்கும். 'பாக்கேஜ்' என ஆணையிட்டால் சோதனையும் முடித்துப் பொதியும் கட்டும். கட்டி முடிந்த கருவி 'டார்கெட்' என்னும் கோப்புறையில் கிடைக்கும். முன்னமே இருந்த பழைய பொருள்களை நீக்கிவிட்டுத் தொடங்குக என்பதற்குக் 'கிளீன்' என்னும் சொல்லை முன்னே சேர்ப்பர். காரணம் விளங்காத பிழை தோன்றும்போது முதலில் செய்து பார்க்கத்தக்கது இதுவே.

வழியில் நேரும் தடைகள்

முதல் முயற்சியிலேயே கட்டி முடிப்போர் சிலரே. நேரும் தடைகள் பெரும்பாலும் மூவகைப்படும்.

முதலாவது, ஜாவாப் பதிப்பு ஒவ்வாமை. லாங்குவேஜ்டூலின் பழைய பதிப்புகளுக்கு ஜாவா 8 போதுமாயிருந்தது. அண்மைய மூலநிரலைக் கட்ட ஜாவா 17 வேண்டும். கிளாஸ் கோப்பு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அதன் பதிப்பெண் பொறிக்கப்பட்டிருக்கும். ஜாவா 8க்கு 52, ஜாவா 11க்கு 55, ஜாவா 17க்கு 61 என்பது கணக்கு. பிழைச் செய்தியில் 61 என்னும் எண்ணோடு 'ஏற்க இயலாத பதிப்பு' என்னும் பொருளில் ஆங்கில வாசகம் காணப்படுமாயின், ஜாவா 17இல் தொகுத்ததைப் பழைய பொறி படிக்க முயல்கிறது என்பது அதன் பொருள். கணினியில் இரு பதிப்புகள் இருந்து, மேவன் பழையதையே பற்றிக்கொண்டிருத்தலும் உண்டு. மேவனின் பதிப்பைக் கேட்டால், அது எந்த ஜாவாவைக் கொண்டு ஓடுகிறது என்பதையும் உடன் சொல்லும். அதனைப் பார்த்தபின் கட்டத் தொடங்குதல் நலம்.

இரண்டாவது, நினைவகமும் இணையமும் போதாமை. பள்ளி அல்லது அலுவலகத்தின் பாதுகாப்பு அமைப்பு வெளிக் களஞ்சியத்தைத் தடுக்கக்கூடும். அப்போது நூலகம் கிடைக்கவில்லை என்று மேவன் நின்றுவிடும். குற்றம் மூலநிரலில் இல்லை, வழியில் உள்ளது.

மூன்றாவது, தமிழ் எழுதுவோர் சிறப்பாக அறியவேண்டுவது, எழுத்துக் குறியீட்டுச் சிக்கல். யூனிகோட் முறையில் எழுதிய தமிழைக் கோப்பில் சேமிக்கப் பெரிதும் வழங்குவது யு.டி.எஃப்.-8 என்னும் வடிவம். அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். ஜாவாவின் பழைய பதிப்புகளோ, வேறு சொல்லாவிடின், அந்தந்தக் கணினியின் இயல்பான குறியீட்டைக் கொண்டே கோப்பைப் படித்தன. அதனால் லினக்ஸ் கணினியில் செவ்வனே படிக்கப்பட்ட தமிழ் விண்டோஸ் கணினியில் பொருளற்ற குறிகளாகச் சிதைந்தது. 2022இல் வந்த ஜாவா 18 முதல் யு.டி.எஃப்.-8 தானே இயல்பான குறியீடாயிற்று. அதற்கு முந்திய பதிப்பைக் கொண்டு கட்டுவோர் விவரக்கோப்பில் குறியீடு வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

பிழைச் செய்தி பல நூறு வரிகள் நீளும். அதனைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. இறுதி வரி பெரும்பாலும் விளைவையே சொல்லும். 'பிழை' எனக் குறித்து முதலில் தோன்றிய வரியே காரணத்துக்கு அணித்தாக இருக்கும். மேலே சென்று அதனைத் தேடுவது பழகிய நிரலாளரின் வழக்கம்.

நெறியும் எடுத்துக்காட்டும் புறனடையும்

இனித் தமிழாசிரியருக்கு நேரே உரிய பகுதிக்கு வரலாம். லாங்குவேஜ்டூலின் இலக்கண நெறிகளுட் பல ஜாவாவில் எழுதப்படுவதில்லை, 'எக்ஸ்.எம்.எல்.' என்னும் எளிய குறிமுறைக் கோப்பில் எழுதப்படுகின்றன. நிரலாக்கம் கல்லாதாரும் சில நாள் பயிற்சியில் அதனைப் படிக்கலாம். நெறி ஒவ்வொன்றிலும் நான்கு உறுப்புகள் உண்டு: எச்சொற்றொடரைப் பிழையெனக் கொள்வது என்னும் வடிவம், எழுதுவோருக்குக் காட்டும் செய்தி, திருத்தமாகப் பரிந்துரைக்கும் சொல், எடுத்துக்காட்டு வாக்கியம்.

சான்றாக, அகரச் சுட்டின் திரிபாகிய 'அந்த' என்பதன் பின் வல்லினம் மிகும் என்னும் விதியை நெறியாக்குவோம் எனக் கொள்க. முதற்சொல் 'அந்த', அடுத்த சொல் க, ச, த, ப என்னும் நான்கில் ஒன்றைக்கொண்டு தொடங்குவது. யூனிகோடில் 'கா', 'கி', 'கை' முதலியன எல்லாம் ககரக் குறியின் பின் உயிர்க்குறி சேர்த்து எழுதப்படுவதால், நான்கு குறிகளைச் சொன்னாலே அவற்றின் உயிர்மெய்கள் யாவும் அடங்கிவிடும். இது எளிது.

இரண்டாம் வேற்றுமை விரிக்கு வருவோம். 'புத்தகத்தை படித்தான்' என்பது பிழை. 'புத்தகத்தைப் படித்தான்' என்பதே சரி. தமிழறியாத நிரலாளர் ஒருவர், 'ஐகாரத்தில் முடியும் சொல்லின் பின் வல்லினம் வரின் ஒற்று மிகும்' என்று நெறி எழுதிவிடுவார். அந்நெறி 'புத்தகத்தை படித்தான்' என்பதைப் பிடிக்கும். 'யானை படுத்தது' என்பதையும் பிடிக்கும். பின்னது எழுவாய்த் தொடர், பிழையன்று.

நெறியைச் சுருக்கி, 'த்தை' என முடியும் சொல் என்று கொண்டால் யானை தப்பும். 'அத்தை கேட்டாள்', 'நத்தை போயிற்று', 'தத்தை பேசிற்று' என்பன அகப்படும். அவற்றைப் புறனடையாக விலக்கவேண்டும். இங்ஙனம் சுருக்கியதால் 'பாலை குடித்தான்' என்னும் பிழையான வாக்கியம் பிடிபடாது போகும். 'பாலை' என்பது பால் என்னும் சொல் வேற்றுமையுருபு ஏற்றதா, அன்றிப் பாலை நிலமா? 'பாலைக் காய்ச்சினான்' என்பதில் ஒற்று வேண்டும். 'பாலை காய்ந்தது' என்பதில் வேண்டா. சொல்லின் வடிவை மட்டும் கண்டு கருவி இதனை முடிவு செய்ய இயலாது.

இங்கேதான் கட்டுதலின் மெய்யான பயன் விளங்குகிறது. நெறி எழுதுவோர் பிழையான வாக்கியத்தையும் சரியான வாக்கியத்தையும் எடுத்துக்காட்டாக உடன் எழுதுகின்றனர். கட்டும்போது சோதனைப் படியில் இவை ஒவ்வொன்றும் ஓட்டிப் பார்க்கப்படும். பிழையான வாக்கியத்தை நெறி பிடித்தல் வேண்டும். சொன்ன திருத்தத்தையே தருதல் வேண்டும். சரியான வாக்கியத்தைத் தொடாதிருத்தல் வேண்டும். ஒன்று தவறினும் சோதனை தோற்று, கட்டுதல் நிற்கும். 'அத்தை கேட்டாள்' என்பது சரியான வாக்கியமாக ஒருமுறை சேர்க்கப்பட்டுவிட்டால், பின்னால் வருவோர் எவரேனும் அந்நெறியை மாற்றி அத்தையைப் பிழையாக்குவாராயின் அவரால் சோதனையைத் தாண்ட இயலாது. பழைய உரையாசிரியர் நூற்பாவுக்கு எடுத்துக்காட்டும் புறனடையும் தந்து பொருளை வரையறுத்தனர். அவை படிப்பவர் அறிவைக் காத்தன. இங்கே எடுத்துக்காட்டு, நெறியையே காவல் காக்கிறது.

நேரம் மிச்சம் என்று கருதிச் சோதனையை விட்டுக் கட்டவும் மேவனில் வழி உண்டு. கருவி ஓடுகிறதா என்று விரைந்து பார்க்க அது உதவும். நெறியைத் திருத்தியபின் அவ்வாறு செய்வது, விடைத்தாளைத் திருத்தாமலே மதிப்பெண் இடுவதற்கு ஒப்பாகும்.

ஒன்று கூறவேண்டும். நெறிக் கோப்பை மட்டும் மாற்றித் தம் கணினியில் பார்க்க விழைவோருக்கு மூலத்திலிருந்து கட்டுதல் கட்டாயமன்று. கட்டப்பட்ட தனிக்கருவியிலும் அக்கோப்பு திறந்த எழுத்தாகவே உள்ளது. சொற்களைப் பிரிக்கும் முறை, சொல்லின் இலக்கண வகையை அறியும் முறை முதலிய ஜாவாப் பகுதிகளைத் திருத்துவோரும், தம் திருத்தத்தை எல்லார்க்கும் பயன்படப் பொதுமூலத்தில் சேர்க்க விரும்புவோரும் கட்டியே ஆகவேண்டும். 'பாலை' போன்ற இடர்களுக்குத் தீர்வு அப்பகுதிகளிலேயே தேடத்தக்கது.

உள்ளே இருப்பதை அறிதல்

மூலத்திலிருந்து கட்டுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' என்னும் ஜாவா நூலகத்தில் பெரியதொரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. நிகழ்ச்சிக் குறிப்பு எழுதும் எளிய நூலகம் அது. குறிப்பில் வந்து விழும் ஒரு சொற்றொடரைக் கொண்டே அயலார் பிறர் கணினியில் தம் நிரலை ஓட்ட அக்குறை வழிவிட்டது. உலகெங்கும் நிறுவனங்கள் கலங்கின. கலக்கத்துக்குக் குறை மட்டும் காரணமன்று. தம் மென்பொருளில் அந்நூலகம் இருக்கிறதா என்பதே பலருக்குத் தெரியவில்லை. அவர்கள் துணைக்கொண்ட நூலகம் ஒன்று அதனைத் துணைக்கொண்டிருந்தது. மூலமும் விவரக்கோப்பும் கையில் இருந்தோர் மேவனிடம் சார்புகளின் கிளைப்பட்டியலைக் கேட்டு உடனே அறிந்தனர். பதிப்பெண்ணை மாற்றி மீண்டும் கட்டினர். கட்டப்பட்ட பொதியை மட்டும் பெற்றிருந்தோர் விற்றவரை எதிர்பார்த்திருந்தனர்.

திருத்தம் பொதுவாகும் வகை

சோதனை வென்ற திருத்தத்தைப் பொதுமூலத்தில் சேர்க்கும்படி திட்டத்தின் காப்பாளருக்கு வேண்டுகை அனுப்பலாம். மாற்றிய வரிகள் மட்டும் பழையதும் புதியதுமாக அதில் காட்டப்படும். அங்கும் மென்பொருள் மீண்டும் கட்டப்பட்டுச் சோதிக்கப்படும். காப்பாளர் வினா எழுப்பலாம், சான்று கேட்கலாம். ஏற்கப்பட்டால் அத்திருத்தம் அடுத்த வெளியீட்டில் அக்கருவியைப் பயன்படுத்தும் எல்லார்க்கும் சென்று சேரும்.

ஜெர்மன் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் நெறிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது அம்மொழிகள் எளியன என்பதால் அன்று. அவற்றை அறிந்தோர் பிழையைக் கண்டபோது முணுமுணுத்து விடாது, எழுதிச் சேர்த்தனர் என்பதாலேயே. தமிழுக்கும் அவ்விடம் திறந்தே இருக்கிறது. தமிழாசிரியர் எல்லாரும் ஜாவா கற்கவேண்டும் என்பதில்லை. மாணவர் கட்டுரைகளில் நாள்தோறும் காணும் ஒற்றுப்பிழைகளைப் பிழை வாக்கியம் ஒன்று, சரியான வாக்கியம் ஒன்று என இணையாகக் குறித்து வைத்தாலே நெறிக்கு வேண்டிய சரக்கிற் பாதி சேர்ந்துவிடும். கட்டத் தெரிந்த இளைஞர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்தால் மற்றப் பாதியும் முடியும். இலக்கணம் அறிந்தவர் கட்ட அறியாமலும், கட்ட அறிந்தவர் இலக்கணம் அறியாமலும் தனித்தனியே இருக்கும்வரை, 'அத்தை கேட்டாள்' என்பது பிழையா அன்றா என்பதைத் தமிழ் அறியாதவர் எழுதிய வரியே முடிவு செய்துகொண்டிருக்கும்.